பழைய ரேடியோ ஸ்கேனர் மென்பொருளைப் புது லேப்டாப்பில் ஓட்ட, கேபிளில் இருந்து ஆரம்பியுங்கள்

ஸ்கேனர் என்றதும் சான்றிதழை நகலெடுக்கும் பெட்டி ஞாபகத்துக்கு வந்தால், இது அதுவல்ல. தீயணைப்பு வண்டி, சரக்கு ரயில், விமான நிலையக் கோபுரம் என்று வயர்லெஸ்ஸில் நடக்கும் பேச்சை, அலைவரிசை மாற்றி மாற்றித் தேடிக் கேட்கும் ரேடியோ. அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. இங்கே கேட்பது பெரும்பாலும் சட்டப்படி சரிதான். ஆனால் செல்போன் பேச்சைக் கேட்கக் கூடாது. நியூயார்க், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் வண்டிக்குள் வைத்திருக்கவும் கட்டுப்பாடு உண்டு. இந்தியாவில் வயர்லெஸ் கருவிக்கு அனுமதி வேண்டும், அதனால் ஊருக்குப் போகும்போது ஆசையாகப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள்.

என்னிடம் இருப்பது யூனிடன் பிசிடி396டி. 2005 வாக்கில் வந்த கையடக்கக் கருவி. மூன்று ஏஏ பேட்டரியில் ஓடும். அதன் பட்டன்களை வைத்தே எல்லா சேனலையும் ஏற்றலாம், பொறுமை இருந்தால். ஒரு ஊர்ப் பெயரை எழுதவே குமிழைத் திருப்பித் திருப்பி எழுத்தெழுத்தாகப் பொறுக்க வேண்டும். நாற்பது சேனல் முடிவதற்குள் விரல் கெஞ்சும். இதற்காகத்தான் கணினி மென்பொருள். சிக்கல் என்னவென்றால், அந்த மென்பொருள்கள் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்தவை. ரேடியோ இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. என் மேசையில் கணினிதான் நாலு தடவை மாறிவிட்டது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு பெயர்க் குழப்பமும் வரும். ரேடியோஷேக் புரோ-96 கருவிக்கு வின்96, புரோ-97க்கு வின்97, ஜிஆர்இ பிஎஸ்ஆர்-500க்கு வின்500 என்று மென்பொருள்கள் உண்டு. அந்த எண் ஸ்கேனர் மாடலின் எண். விண்டோஸ் 97 என்று ஒன்று வந்ததே இல்லையே என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

மென்பொருள் வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் முதலில் மென்பொருளைத்தான் நோண்டுவோம். நீக்குவது, மறுபடி இன்ஸ்டால் செய்வது, கணினியை அணைத்துப் போடுவது. நானும் ஒரு சனிக்கிழமை முழுக்க இதையே செய்தேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி, மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிய கேபிள். அதனால் வரிசையைத் தலைகீழாக்கிச் சொல்கிறேன்: கேபிள், போர்ட், ரேடியோவின் பதில். இவை மூன்றும் சரியான பிறகுதான் மென்பொருள்.

படி 1: கேபிளுக்குள் இருக்கும் சிப் எது?

என் ஸ்கேனரின் கேபிளில் மறுமுனை ஒன்பது பின் சீரியல் பிளக். புது லேப்டாப்பில் அந்த ஓட்டையே கிடையாது, ஆகவே நடுவில் யுஎஸ்பி சீரியல் அடாப்டர் ஒன்று வேண்டும். அதன் பிளாஸ்டிக் மூடிக்குள் ஒரு சிப் இருக்கும். எஃப்டிடிஐ, புரொலிஃபிக், சிஎச்340, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடாப்டரைச் செருகுங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற வரியை விரியுங்கள். காம் என்ற சொல்லும் பக்கத்தில் ஓர் எண்ணும் தெரிந்தால் நல்லது. மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் அங்கேயே நில்லுங்கள், மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம்.

எனக்குத் தெரிந்தது முக்கோணம் அல்ல, அதைவிட வேடிக்கை. போர்ட்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'பிஎல்2303எச்எக்ஸ்ஏ 2012 முதல் நிறுத்தப்பட்டது, விற்றவரை அணுகவும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வாக்கியம். புரொலிஃபிக்கின் பழைய சிப்பையோ, அதன் போலியையோ புது டிரைவர் (சிப்போடு விண்டோஸைப் பேச வைக்கும் துணை மென்பொருள்) கண்டுகொண்டால் இப்படித்தான் கையை விரிக்கும். சிப் செத்துவிடவில்லை. டிரைவர்தான் அதோடு பேச மறுக்கிறது.

இதற்கு இரண்டு வழி. முதல் வழி, பழைய டிரைவருக்குத் திரும்புவது. அந்த வரியில் வலது கிளிக், அப்டேட் டிரைவர், கணினியில் தேடு, பட்டியலில் இருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று போனால் கணினியில் இருக்கும் டிரைவர் பதிப்புகள் தேதியோடு வரும். பழைய தேதி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் ஒன்றுதான் இருந்தால் பழைய டிரைவரைத் தனியாக இறக்கி ஏற்ற வேண்டும். ஆனால் விண்டோஸ் அப்டேட் என்றைக்காவது ஓர் இரவு அதை மறுபடி புதிதாக்கிவிடும், நீங்கள் காலையில் எழுந்து முதலில் இருந்து ஆரம்பிப்பீர்கள்.

இரண்டாவது வழி, அசல் எஃப்டிடிஐ சிப் உள்ள கேபிளை வாங்குவது. என் ஓட்டு இதற்குத்தான். 'அசல்' என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2014-இல் எஃப்டிடிஐ வெளியிட்ட ஒரு டிரைவர், போலிச் சிப்புகளின் அடையாள எண்ணையே அழித்து அவற்றை முடக்கிப் போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். போலி என்று தெரியாமல் வாங்கியவர்கள்தான் பாவம்.

லேப்டாப்பில் ஏஆர்எம் பிராசசர் (வழக்கமான இன்டெல், ஏஎம்டி அல்லாத வேறு வகை) இருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய நிரல்களை அது எப்படியாவது ஓட்டிவிடும், டிரைவரை மட்டும் ஓட்டாது. ஏஆர்எம்முக்கென்றே வந்த டிரைவர் உள்ள சிப்தான் வேண்டும்.

படி 2: போர்ட் எண்ணைச் சின்னதாக்குங்கள்

விண்டோஸ் உங்கள் அடாப்டருக்கு காம்7, காம்19 என்று ஏதோ ஓர் எண்ணைக் கொடுத்திருக்கும். பழைய மென்பொருளின் மெனுவிலோ காம்1 முதல் காம்4 வரைதான் இருக்கும். விஷுவல் பேசிக் 6-இல் எழுதியவை கொஞ்சம் பரவாயில்லை, 16 வரை போகும். இரண்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி 4-க்குள் வைத்துவிடுங்கள்.

டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் மேல் இரட்டைக் கிளிக், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு. கீழே எண்ணை மாற்றும் பட்டியல் இருக்கும். காம்3 என்று வையுங்கள். அது ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று வந்தால், எப்போதோ செருகிக் கழற்றிய சாதனம் இடம்பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம், பேருந்தில் துண்டு போட்டுவிட்டுப் போனவர் மாதிரி. வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் கொடுத்தால் மங்கலாகத் தெரியும். அதை நீக்கிவிட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

யுஎஸ்பி ஓட்டையை மாற்றிச் செருகினால் சில அடாப்டர்களுக்கு எண்ணும் மாறும். ஆகவே எப்போதும் ஒரே ஓட்டை.

படி 3: ரேடியோவிடம் பெயர் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான்.

புட்டி என்ற இலவச டெர்மினல் நிரலை இறக்குங்கள், நீங்கள் அடிப்பதை நேரே போர்ட்டுக்கு அனுப்பி, வரும் பதிலைத் திரையில் காட்டும் நிரல் அது. சீரியல் என்பதைத் தேர்ந்தெடுத்து, போர்ட் என்ற இடத்தில் காம்3, வேகம் (ஸ்பீட்) என்ற இடத்தில் ரேடியோவின் செட்டிங்ஸில் உள்ள அதே எண்ணைக் கொடுங்கள், உதாரணமாக 57600. இரண்டு பக்கமும் ஒரே எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளோ கன்ட்ரோல் 'நன்' என்று இருக்கட்டும். டெர்மினல் பகுதியில் லோக்கல் எக்கோவை 'ஃபோர்ஸ் ஆன்' ஆக்கினால்தான் நீங்கள் அடிப்பது திரையில் தெரியும்.

கறுப்புத் திரை வந்ததும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எம், டி, எல் என்று மூன்று எழுத்து அடித்து என்டர் தட்டுங்கள். அடித்துத் திருத்த வேண்டாம், அழிக்கும் பட்டனும் ரேடியோவுக்கு ஓர் எழுத்தாகப் போய்ச் சேரும். எல்லாம் சரியென்றால் ரேடியோ அதே மூன்று எழுத்து, ஒரு காற்புள்ளி, பிறகு பிசிடி396டி என்று தன் மாடல் பெயரைத் திருப்பிச் சொல்லும். அந்த ஒரு வரியைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம், பிற்பாடு முழு மென்பொருளும் ஓடியபோதுகூட வரவில்லை.

பதில் வந்துவிட்டால் கேபிள், சிப், டிரைவர், போர்ட், வேகம் எல்லாமே சரி. இனி எது கெட்டாலும் பழி மென்பொருள் மேல்தான். பதிலாகக் குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வராவிட்டால் பிளக்கை ரேடியோவுக்குள் இன்னும் அழுத்திப் பாருங்கள், பிறகு படி 1. இந்தப் பெயர் கேட்கும் கட்டளை யூனிடனின் இந்த வரிசைக் கருவிகளுக்கானது, ஜிஆர்இ கருவிகளிடம் எடுபடாது.

முடிந்ததும் புட்டியை மூட மறக்காதீர்கள். ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் பிடிக்க முடியும்.

படி 4: இன்ஸ்டால்

செட்டப் கோப்பைத் தட்டியதும், இந்த நிரல் உங்கள் கணினியில் ஓடாது என்று வந்தால் அது 16 பிட் காலத்துச் சரக்கு. 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் ஓடவே ஓடாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில் மட்டும்தான். பழைய விண்டோஸ் மாதிரி நடிக்க வைக்கும் கம்பாட்டிபிலிட்டி மோட் வைத்தாலும் பயனில்லை. அப்படியானால் நேரே படி 6-க்குப் போங்கள்.

ஓடுகிறது என்றால், அது காட்டும் புரோகிராம் ஃபைல்ஸ் இடத்தை ஏற்காமல் சி டிரைவில் ஸ்கேனர் என்று ஒரு ஃபோல்டர் போட்டு அதில் இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய மென்பொருள்கள் சேனல் கோப்பைத் தாங்கள் இருக்கும் ஃபோல்டரிலேயே சேமிக்கும் பழக்கம் உள்ளவை. விஸ்டாவில் இருந்து விண்டோஸ் அதை அனுமதிப்பதில்லை. மறுப்பும் சொல்லாமல், உங்கள் பயனர் கணக்குக்குள் விர்ச்சுவல்ஸ்டோர் என்று ஓர் ஒளிவிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். சேமித்தேன், காணவில்லை என்ற புலம்பல் பாதி இதனால்தான்.

அடுத்து, அந்த நிரலின் ப்ராபர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி தாவலில் விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3. இல்லாமலே ஓடினால் தொட வேண்டாம்.

படி 5: எம்எஸ்காம்32 காணவில்லை என்றால்

நிரலைத் திறந்ததும் எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் பதிவாகவில்லை என்று ஒரு பெட்டி வரலாம். விஷுவல் பேசிக் 6 நிரல்கள் சீரியல் போர்ட்டோடு பேசப் பயன்படுத்திய துணைக்கோப்பு அது. விஷுவல் பேசிக் ஓடத் தேவையான அடிப்படைக் கோப்பு விண்டோஸ் 11-இலும் இருக்கிறது, இந்தத் துணைக்கோப்பு மட்டும் கூட வராது. மென்பொருளின் பழைய சிடியிலோ பழைய கணினியிலோ தேடி எடுங்கள். தேடினால் கண்ணில் படும் இலவசக் கோப்புத் தளங்களை நான் நம்புவதில்லை.

அதைச் சிஸ்வாவ்64 ஃபோல்டரில் போட வேண்டும். பெயரில் 64 இருந்தாலும் 32 பிட் கோப்புகள் இருப்பது அங்கேதான். சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட். யார் வைத்த பெயரோ! பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதே சிஸ்வாவ்64-க்குள் போய், ரெக்எஸ்விஆர்32 என்று அடித்து, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்து என்டர். வெற்றி என்று ஒரு சின்னப் பெட்டி வரும்.

இப்போது மென்பொருளில் காம்3-ஐயும் அதே வேகத்தையும் வைத்து, முதலில் ரேடியோவில் இருப்பதைக் கணினிக்குப் படியுங்கள். படிக்கும்போது ரேடியோ திரையில் 'ரிமோட் மோட், கீபேட் லாக்' என்று வரும், பயப்பட வேண்டாம். படித்ததைத் தேதி போட்டுச் சேமியுங்கள். அதற்கு முன்னால் எழுதும் பட்டன் பக்கம் கையே போகக் கூடாது. நான் ஒருமுறை திசையை மாற்றி அமுக்கி, வெற்றுக் கோப்பை ரேடியோவில் ஏற்றி, இரண்டு வாரம் சேர்த்த சேனல்களைப் பத்தே நொடியில் துடைத்தேன். பேட்டரியும் நிறைந்திருக்கட்டும்.

படி 6: ஒன்றும் ஆகவில்லையா?

கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் 32 பிட் எக்ஸ்பி ஒன்றை நிறுவி, யுஎஸ்பி மெனுவில் இருந்து அடாப்டரை அதற்குள் கொடுத்துவிடுங்கள். அடாப்டரின் எக்ஸ்பி டிரைவரை உள்ளே ஏற்ற வேண்டியிருக்கும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன, அதனால் அதன் இணைய இணைப்பை அணைத்து வையுங்கள். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து மென்பொருள் என்றால், டாஸ் மாதிரி நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரல் போதும், அதன் அமைப்புக் கோப்பில் சீரியல்1 என்ற வரியில் டைரக்ட்சீரியல் என்று போட்டு காம்3-ஐக் காட்டலாம்.

எல்லாம் ஓடியதும் ஒரு துண்டு டேப்பில் காம் எண்ணையும் வேகத்தையும் எழுதிக் கேபிளிலேயே ஒட்டிவிடுங்கள். என் கேபிளில் '3, 57600, இடது ஓட்டை' என்று இருக்கிறது.