வேல்ஸ் கவிஞர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடைக்கால வேல்ஸ் கவிஞர் ஒருவரைப் பற்றிய செய்தி எதையும் ஏற்பதற்கு முன், அவர் வாழ்ந்த காலம் எது, அவர் பெயரில் வழங்கும் பாடல் நமக்குக் கிடைத்திருக்கும் சுவடியின் காலம் எது என்று தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்று பரவலாக உலவும் பிழைகளில் பல, இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தவை.

மிகப் பழைய வேல்ஸ் கவிஞர்களான தலியேசினும் அனெய்ரினும் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர்களாகச் சொல்லப்படுகிறார்கள். ஆனால் அனெய்ரின் பெயரிலுள்ள சுவடி 13ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும், தலியேசின் பெயரிலுள்ள சுவடி 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலும் எழுதப்பட்டவை. இடையில் ஏறத்தாழ 700 ஆண்டுகள் இருக்கின்றன. இதை மறந்து, தலியேசின் சுவடியிலுள்ள எல்லாப் பாடல்களும் அவருடையவை என்று எழுதுவது பிழை. சுவடி பிற்காலத்தது என்பதற்காக உள்ளே இருப்பவை யாவும் பிற்காலக் கற்பனை என்று தள்ளுவதும் அதே அளவு பிழை. மொழியையும் யாப்பையும் ஆராய்ந்த இவோர் வில்லியம்ஸ், தலியேசினுடையவையாக இருக்கக்கூடிய 12 பாடல்களை மட்டும் பிரித்தெடுத்து 1960இல் பதிப்பித்தார். அந்தப் பன்னிரண்டைப் பற்றியும் அறிஞர்களிடையே முழு உடன்பாடு ஏற்பட்டுவிடவில்லை. லவார்க் ஹேன் என்பவரை நெடுங்காலம் ஒரு பழங்கவிஞராகவே எண்ணிவந்தார்கள். அவர் பெயரில் உள்ள புலம்பல் பாடல்கள் 9ஆம் நூற்றாண்டை ஒட்டி வேறு ஒருவர் பாடியவை என்றும், அவர் அவற்றில் பேசும் கதைமாந்தரே என்றும் இவோர் வில்லியம்ஸ்தான் எடுத்துக்காட்டினார். பாடலில் ‘நான்’ என்று பேசுபவரையே பாடலை இயற்றியவராகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.

இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸ் கவிஞர்களை எல்லாம் கொன்றுவிட்டார் என்ற செய்தியை இன்னும் பலர் வரலாறாகவே எழுதுகிறார்கள். 1282ஆம் ஆண்டு டிசம்பரில் இளவரசர் லவெலின் ஆப் கிரிஃபித் கொல்லப்பட்டதும், மறு ஆண்டுக்குள் நாடு எட்வர்டின் கைக்குப் போனதும் உண்மை. கவிஞர் படுகொலைக்கு மட்டும் அக்காலச் சான்று எதுவும் இல்லை. அந்தக் கதையை ஐரோப்பா முழுவதும் பரப்பியது ஆங்கிலக் கவிஞர் தாமஸ் கிரே 1757இல் வெளியிட்ட பாடல். அடுத்த நூற்றாண்டில் ஹங்கேரியின் யானோஷ் அரானி, 500 கவிஞர்கள் தீயில் மாண்டதாக இதே பொருளில் பாடினார். ஆஸ்திரிய ஆட்சியின் கீழிருந்த தம் நாட்டின் துயரத்தைச் சொல்ல அவருக்கு அந்தக் கதை தேவைப்பட்டது. வேல்ஸ் அரசவைகள் அழிந்தபின் நிலவுடைமைக் குடும்பங்கள் கவிஞர்களை ஆதரித்தன. அம்மொழியின் மிகச் சிறந்த கவிதைகளில் பல எட்வர்டுக்குப் பிந்தைய இரண்டு நூற்றாண்டுகளில்தான் பிறந்தன.

அந்தக் காலத்தின் தலைமகன் டாவித் ஆப் குவிலிம். 14ஆம் நூற்றாண்டில் கெரெடிகியோன் பகுதியில் பிறந்தவர். ஏழசை அடிகள் இரண்டிரண்டாக இணையும் ‘கவித்’ என்னும் யாப்பைக் காதலுக்கும் இயற்கைக்கும் உரியதாக்கியவர். இவரை மேற்கோள் காட்டுவோர்தான் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். இவருடைய பாடல்களின் முதல் அச்சுப்பதிப்பு 1789இல் லண்டனில் வெளிவந்தது. அதன் பின்னிணைப்பில் சேர்ந்த பாடல்கள் பலவற்றை அனுப்பியவர் கிளாமோர்கன் கல்தச்சர் எட்வர்ட் வில்லியம்ஸ். யோலோ மோர்கானுக் என்பது அவருடைய புனைபெயர். பழஞ்சுவடிகளிலிருந்து படியெடுத்தவை என்று சொல்லி அவர் அனுப்பியவற்றில் பல அவரே இயற்றியவை. பின்னிணைப்புப் பாடல்களைப் படித்தவர்கள் டாவிதின் மிக இனிய பாடல்கள் இவையே என்று போற்றியதுதான் இதில் என்னை வருத்துவது. அந்தப் போலிகளை ஜி. ஜே. வில்லியம்ஸ் 1926இல் ஆதாரங்களோடு வெளிப்படுத்தினார். தாமஸ் பாரி 1952இல் வெளியிட்ட பதிப்பில் ஏறத்தாழ 150 பாடல்களை மட்டுமே டாவிதுடையவையாக ஏற்று, நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விலக்கினார். விலக்கப்பட்டவை எல்லாம் யோலோவின் கைவேலை அல்ல. புகழ்பெற்ற ஒருவரின் பெயரில் பிறர் பாடல்களை ஏற்றி எழுதும் வழக்கம் சுவடி எழுதியவர்களிடம் முன்பே இருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து டாவித் பாடலை எடுத்தாள்பவர்கள், அது 1952க்குப் பிந்தைய பதிப்புகளில் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்காமல் எழுதக் கூடாது.

யோலோவை வெறும் ஏமாற்றுக்காரராகக் காட்டுவதும் தவறு. அவர் தேர்ந்த கவிஞர். உண்மையான சுவடிகளையும் அயராது தேடித் திரட்டியவர். நல்லதும் போலியும் ஒரே கையெழுத்தில் கலந்துகிடந்ததால்தான் அவற்றைப் பிரிக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. கவிஞர் பேரவையான கோர்செத் சடங்கும் அவருடைய படைப்பே. அதை முதன்முதலில் 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் நடத்தினார். 1819இல் கார்மார்தனில் அது கவிதை, இசைப் போட்டி விழாவான எய்ஸ்டெத்வோடோடு இணைந்தது. ட்ரூயிட் கோலத்தில் நடக்கும் அந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு, இடைக்கால வேல்ஸ் கவிஞர்கள் ட்ரூயிட் என்னும் பழங்காலக் கெல்டிக் பூசாரிகளின் வழித்தோன்றல்கள் என்று எழுதுவோர் இன்றும் உண்டு. அந்தக் கவிஞர்கள் கிறித்தவர்கள். இறைவனையும் மரியாளையும் புனிதர்களையும் பாடியவர்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். யோலோ கோக் என்பவர் 14ஆம் நூற்றாண்டினர்; உழவனைப் புகழ்ந்தும், பின்னர் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த வேல்ஸ் தலைவர் ஓவைன் கிளின்டூரின் சிகார்த் மாளிகையைப் புகழ்ந்தும் பாடியவர். 18ஆம் நூற்றாண்டு யோலோவோடு அவரைக் குழப்பக் கூடாது. கிளின்டூரின் கிளர்ச்சிக்கு அவர் போர்ப்பாட்டுப் பாடினார் என்ற பழைய கூற்றையும் திருப்பிச் சொல்லக் கூடாது. கிளர்ச்சி 1400இல் தொடங்கியது. அவர் 1398 வாக்கில் இறந்ததாகவே அறிஞர்கள் கருதுகிறார்கள்.

பிற்கால ஆவணங்களும் பழைய பெயர்களைச் சூடிக்கொள்வதுண்டு. கவிஞர்களின் தகுதிகளை வரையறுக்கும் சட்டம் ஒன்று 1137இல் இறந்த அரசர் கிரிஃபித் ஆப் கனானின் பெயரில் வழங்குகிறது. உண்மையில் அது 1523இல் கைர்விஸ் நகரில் கூடிய கவிஞர் அவைக்காக எழுதப்பட்டது. நாடோடிப் பாடகர்களிடமிருந்து பயிற்சி பெற்ற கவிஞர்களைப் பிரித்துக் காட்ட, பழைய அரசர் ஒருவரின் பெயர் பயன்பட்டது.

ஒரு சிறு குறிப்பைப் பெரிதாக்கும் தவறுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, வேல்ஸ் இளவரசராகச் சொல்லப்படும் மாடோகின் கதை. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் மரேதித் ஆப் ரீஸ், மீன்வலை ஒன்றைப் பற்றிய பாடலில், கடலை நேசித்த மாடோகுடன் தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். கொலம்பஸுக்கு முன்பே வேல்ஸ்காரர் ஒருவர் அமெரிக்காவை அடைந்ததற்கு இதையே சான்றாகச் சிலர் காட்டினார்கள். பாடலில் அமெரிக்காவும் இல்லை, புதிய நிலமும் இல்லை. அந்தக் கூற்று 16ஆம் நூற்றாண்டில், ஸ்பெயினுக்கு முந்திய உரிமையை இங்கிலாந்து தேடிய நாட்களில் வளர்ந்தது. வேல்ஸ் மொழி பேசும் செவ்விந்தியர்களைத் தேடி 1792இல் ஜான் எவன்ஸ் என்ற இளைஞர் புறப்பட்டார். அவரோடு செல்வதாக இருந்த யோலோ மோர்கானுக் பின்தங்கிவிட்டார். மிசூரி ஆற்றின் வழியே மாண்டன் மக்களிடம் போய்ச் சேர்ந்த எவன்ஸ், அப்படிப்பட்டவர்கள் யாரும் இல்லை என்று எழுதியனுப்பினார்.

டாவிதின் கல்லறை பற்றியும் இதே கவனம் தேவை. ஸ்ட்ராட்டா ஃபுளோரிடா மடத்தில் அவர் கல்லறையின் மேல் நிற்கும் யூ மரத்தை அவர் காலத்துக் கவிஞர் கிரிஃபித் கிரிக் பாடியிருக்கிறார். ஆனால் உயிரோடு இருக்கும் நண்பருக்கே விளையாட்டாக இரங்கற்பா பாடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. டாலி மடத்திலேயே அவர் புதைக்கப்பட்டார் என்று வேறொரு மரபு சொல்கிறது. இரண்டு இடங்களிலும் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. எந்தக் கல்லின் அடியில் அவர் இருக்கிறார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.