திருத்தம் கேட்கக் காசு கட்டுமுன்: கதைப்புத்தகச் சித்திரக்காரர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு வாழைச்சேனையிலிருந்து ஒரு தங்கச்சி மட்டக்களப்பு கல்லடிக்கு வந்திருந்தாள். சிறுவர் கதைப்புத்தகங்களுக்குப் படம் வரைய ஆசை. கையும் நல்ல கை. "அக்கா, இதை ஒருக்காப் பாருங்களன். அடுத்த கிழமை வெளிநாட்டு ஓவியர் ஒருத்தரிட்டக் காட்டப் போறன். காசும் கட்டிட்டன்" என்று டப்லட்டை நீட்டினாள். எங்கள் பக்கத்து நாட்டுக்கூத்தான வடமோடிக் கூத்துப் படம். வட்டக்களரி என்ற வட்டமான கூத்து மேடையைச் சுற்றிச் சனம், நடுவில் கரப்புடுப்பு என்ற விரிந்த பாவாடை உடுப்போடு அரசன், கிரீடத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னுகிறது. ஒரு மாத வேலை.

அரசனின் முகம் புத்தகத்தின் நடு மடிப்பில் விழுந்திருந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே பிழையை அதே இடத்தில் நானும் விட்டவள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பென்சில் பிடிப்பது, நிறம் கலப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தொழில் தெரிந்தவரிடம் திருத்தம் கேட்கக் கொடுக்கும் காசு எங்கே வீணாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முடித்த படத்தைக் கொண்டுபோவது

2022 வைகாசி. வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் 360 ரூபாய்க்குப் போயிருந்தது. சிறுவர் நூல்களில் பல வருடம் வேலை செய்த ஓவியர் ஒருவரிடம் அரை மணித்தியாலம் பேச 50 டொலர். தை மாதம் கட்டியிருந்தால் 10,000 ரூபாய்; நான் கட்டிய நாளில் 18,000. கனடாவில் இருக்கிற மச்சாளின் கார்டில் கட்டிவிட்டு, இங்கே மாமியின் கையில் காசை எண்ணிக் கொடுத்தேன்.

இவ்வளவு காசு கட்டியபின் சும்மா கிறுக்கலைக் காட்டுவதா என்று நினைத்தேன். மின்வெட்டுப் போக மிச்ச நேரமெல்லாம் இருந்து, மூன்று கிழமையில், புத்தகத்தை விரித்தால் சேர்ந்து தெரியும் ஒரேயோர் இரட்டைப் பக்கத்தை முடித்தேன். வாவியில் மம்மல் பொழுது, தோணியில் நின்று வீச்சுவலை எறியும் மனிதர், பின்னால் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள். வலையின் கண் ஒவ்வொன்றையும் வரைந்திருந்தேன்.

அவர் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்: மீன்பிடிக்கிறவரின் முகம் மடிப்புக்குள் போகிறது, புத்தகமாகக் கட்டினால் மூக்கும் ஒரு கண்ணும் தெரியாது. ஆளை நகர்த்தினால் வலை தாளுக்கு வெளியே போகும். வலையைச் சுருக்கினால் கதை எழுத விட்ட இடம் கெடும். முழுவதையும் முதலிலிருந்து அடுக்க வேண்டும். மிச்ச 28 நிமிடமும் நான் அந்தப் படத்துக்காக வாதாடினேன். மூன்று கிழமை பாடுபட்ட படத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்த மனிதருக்குத் தெரிந்ததில் கால்வாசியைக்கூட நான் கேட்டு வாங்கவில்லை.

நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தீப்பெட்டி அளவில் ஒரு கிறுக்கல் போட்டு, நடுவில் பேனையால் ஒரு கோடு இழுத்திருந்தால் அந்தப் பிழை எனக்கே தெரிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத்தாளை எட்டு, பதினாறு பக்கங்களாக மடிப்பதால் வரும் எண்ணிக்கை அது. முதலும் கடைசியும் தனிப் பக்கம், இடையில் 15 இரட்டைப் பக்கம், ஆக 17 சின்னக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு கிறுக்கல். ஏ4 தாளில் வரிசைக்கு மூன்றாக ஆறு வரிசை போட்டால் எல்லாம் அடங்கி ஒரு கட்டம் மிஞ்சும். முகத்துக்கு வட்டம், உடம்புக்குக் குச்சி, இருட்டுக்குப் பென்சில் தேய்ப்பு, எழுத்து வரும் இடத்துக்கு இரண்டு கோடு. ஒரு பின்னேர வேலை. அதே 50 டொலருக்கு, அதே அரை மணித்தியாலத்தில், முழுப் புத்தகத்துக்கும் திருத்தம் கேட்கலாம். எங்கே மூன்று பக்கம் தொடர்ந்து ஒரே தூரத்தில் நின்று பார்க்கிறோம், எந்த இடத்தில் கதை தூங்குகிறது, எந்த முகம் மடிப்பில் விழுகிறது என்று அவர் விரல் வைத்துச் சொல்வார். குச்சி மனிதனை அழித்துவிட்டு வேறு இடத்தில் போட யாருக்கும் மனம் நோகாது.

"இந்தக் கிறுக்கலையா அக்கா பெரிய ஆக்களிட்டக் காட்டுற?" என்று தங்கச்சி கேட்டாள். ஓம். தொழிலில் இருப்பவர்கள் பதிப்பாளருக்கு முதலில் காட்டுவதும் இப்படியான கிறுக்கலைத்தான்.

நீங்களே பிடிக்கக்கூடிய பிழைக்குக் காசு கொடுப்பது

படத்தை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள். கோணலான முகம் அப்போதே தெரியும். நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். ஆளும் பின்புலமும் ஒரே சாம்பலாகக் கலந்தால் நிறம் அதைக் காப்பாற்றாது. கிரிட்டா என்ற இலவச மென்பொருளிலேயே இரண்டையும் செய்யலாம். அச்சடித்தபின் தாளின் ஓரத்தை வெட்டுவதால் அங்கே 3 மில்லிமீற்றர் கூட வரைய வேண்டும், திரையில் ஒளிரும் பச்சையும் நீலமும் நாலு மை அச்சில் அப்படியே வராது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லித்தந்தவர் டவுனில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கும் அண்ணன். ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம்தான் எடுத்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்பது

"வடிவா இருக்கு" என்ற பதில்தான் வரும். "இந்தப் பிள்ளை பயந்திருக்கிறது தெரிகிறதா? கண் முதலில் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம்.

வட்சப்பில் போட்டோவாக அனுப்புவது

படத்தின் தரம் குறையாமல் போக, டொக்கியூமென்டாக அனுப்புங்கள்.

ஒரே படத்துக்குப் பத்துப் பேரிடம் கேட்பது

ஒருவர் போதும். அவர் சொன்னதைச் செய்து முடித்த பிறகு அடுத்தவர்.

விலையைக் குறைக்கச் சொல்வது

அவர்களுக்கும் அது சோறு. விலையைக் குறைக்கச் சொல்லாமல் வேலையைக் குறையுங்கள். "ஒரு தாள், மூன்று கேள்வி. நேரில் பேசத் தேவையில்லை, உங்களுக்கு வசதியான நேரத்தில் குரல் பதிவாக அனுப்பினால் போதும். இதற்கு எவ்வளவு?" என்று எழுதிக் கேளுங்கள். நேரம் குறித்து உட்காரத் தேவையில்லை என்பதால் பலர் குறைவாகவே கேட்பார்கள். எனக்கு இதுவே நேரில் பேசியதைவிட உதவியது. ஒரே பதிவை நாலு தரம் போட்டுக் கேட்கலாம், எதிர்த்து வாதாட முடியாது.

தனியாளாகக் காசு கட்டுவது

நாங்கள் இப்போது நாலு பேர் சேர்ந்துதான் கட்டுகிறோம். சூமின் இலவசக் கணக்கில் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், ஆகவே ஆளுக்குப் பத்து நிமிடம். நாலு பேர் வருவோம் என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறோம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். சொல்லாமல் ஆள் சேர்ப்பது களவு. மற்றவரின் தாளுக்குச் சொல்லும் திருத்தத்தில் பாதி உங்கள் தாளுக்கும் பொருந்தும். அதற்கு முதல் உங்களுக்குள்ளேயே ஒரு சுற்றுப் பாருங்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. கட்புலக் கலை படித்த அக்கா, அண்ணன்மார் எங்கள் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படும் பிழைக்கு டொலர் கட்டத் தேவையில்லை.

தங்கச்சி கதைத்துப் பேசி, தன் நேரத்தை இரண்டு கிழமை பிந்திப் போட்டிருக்கிறாள். கூத்துப் படத்தைத் தொடவில்லை. தாளில் கட்டம் போட்டிருக்கிறாள். நேற்றிரவு அனுப்பியதில் 17இல் 11 நிரம்பியிருந்தது. அரசன் வலப்பக்கத்துக்கு நகர்ந்துவிட்டான். இடப்பக்கத்தில், முதல் படத்தில் இல்லாத, கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு வந்து நிற்கிறார்.