போர்ச் செய்தியைச் சலித்துப் பார்ப்பது எப்படி?

போர்க் காட்சி ஒன்று வாட்ஸ்அப்பில் வந்ததும் ‘இது நிஜமா?’ என்று கேட்டால், நாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறோமோ அந்தப் பக்கத்து விடைதான் மனசுக்குள் கிடைக்கும். ‘முதலில் சொன்னது யார், அவர் அங்கே இருந்தாரா?’ என்று கேளுங்கள். இதற்கு விடை தேடலாம்.

கொடுமைக் கதைகளில் இந்தக் கேள்வியை விடவே கூடாது. 1990 அக்டோபர் 10-இல், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் நடத்திய மனித உரிமைக் கூட்டத்தில் நயீரா என்ற 15 வயதுச் சிறுமி பேசினாள். குவைத் மருத்துவமனையில் இராக் சிப்பாய்கள் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் சாகவிட்டார்கள் என்று அழுதாள். அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பது 1992-இல்தான் வெளியானது. ஏற்பாடு செய்தது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். உண்மை வெளிவருவதற்குள், இராக்கைக் குவைத்திலிருந்து விரட்டும் போரே முடிந்திருந்தது. குவைத்தில் இராக் படை செய்த கொலையும் கொள்ளையும் நிஜம்; அதனால்தான் இந்த இன்குபேட்டர் பொய்யும் எளிதில் எடுபட்டது. சாட்சி சொல்பவரின் முழுப்பெயர் இல்லையென்றால், மேடை போட்டது யார், செலவு யாருடையது என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பில் வரும் செய்தியானால் மூலச் சொல்லைத் தேடுங்கள். ஜெர்மானியர் தம் சிப்பாய்களின் பிணங்களைக் காய்ச்சிக் கொழுப்பெடுக்கிறார்கள் என்று முதல் உலகப் போரின்போது, 1917-இல், பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதின. ஜெர்மன் செய்தியில் இருந்த சொல் ‘கடாவர்’; பெரும்பாலும் விலங்கின் பிணத்தையே குறிக்கும். அது பொய் என்ற ஜெர்மனியின் மறுப்பை 1925-இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லேன் ஏற்றுக்கொண்டார். விளைவு பின்னால் வந்தது: இரண்டாம் உலகப் போரில் யூதர் படுகொலைச் செய்தி வந்தபோது, இதுவும் பழைய கதைதானோ என்று தயங்கியவர்கள் இருந்தார்கள்.

எண்ணிக்கை தவறாகப் போக, பொய் சொல்லும் நோக்கம்கூடத் தேவையில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. உண்மையில் விழுந்தவை ஏறக்குறைய 60. ஒரே விமானத்தைச் சுட்ட நாலு பேரும் ஆளுக்கொன்று கணக்கு எழுதினால் அப்படித்தான் ஆகும். எதிரியின் இழப்பாக ஒரு தரப்பு சொல்லும் எண்ணைத் தற்காலிகமாகக்கூட நம்ப வேண்டாம். தன் இழப்பாக ஒப்புக்கொண்டதைக் குறைந்தபட்சம் என்று வையுங்கள்.

வினைச்சொற்களுக்குச் சின்னச் சோதனை போதும். நம் குண்டு ‘இலக்கைத் தாக்கியது’, அவர்கள் குண்டு ‘மக்களைக் கொன்றது’ என்றிருந்தால் நாடுகளின் பெயரை மாற்றிப் போட்டு வாசியுங்கள்.

வீடியோவுக்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும். மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கட்டடம், பெயர்ப்பலகை, வண்டி நம்பர் தெரியும் இடங்களாக இருக்கட்டும். மேலே ஒட்டிய எழுத்தையும் லோகோவையும் வெட்டிவிட்டு, கூகுள் லென்ஸ், யாண்டெக்ஸ் என்ற படத் தேடல் கருவிகள் இரண்டிலும் தேடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லையா? படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள். பழைய படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிடுவது தெரிந்த தந்திரம். பெயர்ப்பலகை எழுத்து இடவலம் மாறி இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். கிடைத்தவற்றில் மிகப் பழைய தேதியைப் பிடியுங்கள். போருக்கு முந்தையது என்றால் வேலை முடிந்தது. எதுவுமே சிக்காததை வைத்து ‘புதிய படம்’ என்று முடிவுகட்டாதீர்கள்.

இரவு வானில் குண்டுமழை, நடுங்கும் கேமரா, ஆள் குரலே இல்லை என்றால் ‘ஆர்மா 3’ என்ற கணினி விளையாட்டாக இருக்கலாம். இது அடிக்கடி போர்க் காட்சியாகப் பரவியதால், 2022-இல் அதைத் தயாரித்த போஹீமியா இன்டராக்டிவ் நிறுவனமே அடையாளம் காணும் வழிகளை வெளியிட்டது.