இழுக்காத வேக்குவம் கிளீனருக்கு உள்ளங்கைச் சோதனை

பை இல்லாத வேக்குவம் கிளீனரில் இழுப்பு குறைந்தால், டப்பாவைக் காலி செய்து மாட்டிவிட்டு ஹோஸைக் கழற்றுங்கள். மெஷினை ஓடவிட்டு, ஹோஸ் செருகும் வாயில் ஓரிரு விநாடி உள்ளங்கையை வையுங்கள். கையை நன்றாக இழுத்தால் அடைப்பு ஹோஸிலோ பிரஷ்ஷிலோதான். ஹோஸை நேராகத் தூக்கிப் பிடித்து ஒரு நாணயத்தைப் போடுங்கள். கீழே விழாவிட்டால் உள்ளே முடியும் நூலும் சுருண்டு கிடக்கிறது.

கையை இழுக்கவே இல்லையா? பில்டரைப் பாருங்கள். கனமான தூசியைச் சுழல்காற்று டப்பாவிலேயே ஒதுக்கிவிடும். மாவு, முகப்பவுடர் மாதிரி நைஸான தூசிதான் மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் பில்டரில் அப்பிக்கொண்டு காற்றுப் போகும் வழியை மூடும். சோப்பு போடாமல், தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசிப் பிழிந்து, குறைந்தது 24 மணி நேரம் உலர்த்துங்கள். இதில் மட்டும் அவசரம் வேண்டாம். ஈரத்தோடு மாட்டினால் மோட்டாரே கெட்டுவிடும்.

மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹெப்பா பில்டருக்கு இது பொருந்தாது. கழுவலாம் என்று கையேட்டில் இருந்தால் ஒழிய, அதைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். எல்லாம் சுத்தமாக இருந்தும் இழுக்கவில்லை என்றால் டப்பாவின் ரப்பர் வளையம் விலகியிருக்கலாம், விரிசல் விழுந்திருக்கலாம். கருகல் வாடை வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.