பையர் எந்த ஊர்க்காரர் என்று பார்த்துவிட்டு ஸ்பெல்லிங் போடுங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்கு மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற வேலைக்கு, வருகிற பிள்ளைகள் முதல் வாரமே கேட்பது, 'கலர்' என்பதில் யு போட வேண்டுமா வேண்டாமா என்றுதான். இரண்டும் சரி, ஆனால் ஒரே மெயிலில் இரண்டும் வரக்கூடாது.

முதலில் பையர், அதாவது நம்மிடம் ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர், அனுப்பிய பி.ஓ.வை (பர்ச்சேஸ் ஆர்டரை) எடுத்துப் பாருங்கள். கலரில் யு இல்லை, 'கிரே'யில் ஈ-க்குப் பதில் ஏ, 'ஃபைபர்' ஈ-ஆர் என்று முடிகிறது என்றால் அது அமெரிக்கக் கணக்கு. 1828-ல் நோவா வெப்ஸ்டர் போட்ட அகராதி அங்கே ஊன்றிவிட்ட வழக்கம் அது, நமக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தது லண்டன் வழி. மைக்ரோசாஃப்ட் வேர்டில் மொழியை யுனைடெட் ஸ்டேட்ஸ் இங்கிலீஷ் என்று மாற்றிவிட்டால் முக்கால்வாசியை அதுவே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். 'ஆர்கனைஸ்' என்பதில் இசட் இருப்பதை மட்டும் வைத்து அமெரிக்கா என்று முடிவுகட்டாதீர்கள், ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் இசட்தான் போடுகிறது.

எந்தக் கோடும் காட்டிக்கொடுக்காதது தேதி. 03/04 என்று இருந்ததை ஏப்ரல் 3 என்று நினைத்து நான் சாவகாசமாக சாம்பிள் தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு அது மார்ச் 4. அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன்.

சரி, போனில் பேசுவது. அமெரிக்கர் 'வாட்டர்' என்பதை 'வாடர்' என்பார், கிட்டத்தட்ட நாம் 'பாடம்' என்கிறபோது வருகிற ட மாதிரி. பிரிட்டிஷ்காரர் கடைசி ர்-ஐ விழுங்கிவிடுவார். பிரிட்டிஷ்காரருக்கு ஷெட்யூல், அமெரிக்கருக்கு ஸ்கெஜூல். இசட் அமெரிக்காவில் 'ஸீ', ஆர்ட்டிக்கிள் நம்பரில் (ஷூ மாடலின் எண்ணில்) வந்தால் சி என்று காதில் விழும், திருப்பிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் ஸ்டைலை 'இஸ்டைல்' என்று இழுத்தாலும் அவர்களுக்குப் புரிந்துவிடும், அதற்கெல்லாம் கூச்சப்பட வேண்டாம்.

நிஜமாகவே கவிழ்ப்பது வி-யும் டபிள்யூவும்தான். வேலூருக்கு வி, வாலாஜாவுக்கு டபிள்யூ, நம் வாயில் இரண்டும் ஒரே 'வ'. ஷூவிலும் அப்படித்தான், முன்பக்கத் தோல் 'வேம்ப்' வி-யில் தொடங்கும், மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற பட்டை 'வெல்ட்' டபிள்யூவில். வேம்புக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். வெல்டுக்குப் பல் படவே கூடாது, உதட்டைக் குவித்து 'ஊ' என்று ஆரம்பித்து உடனே 'எல்ட்' என்று விடுங்கள். கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அப்புறம், போனை வைத்ததும் பேசியதை ஒரு வரி மெயிலில் போட்டுவிடுங்கள்.