அச்சுக்குக் கோப்பு அனுப்பும் முன்: திரையில் தெரியாத தவறுகள்

அழைப்பிதழோ விழா மலரோ, தமிழில் வடிவமைத்தால் முதலில் எழுத்துருவைப் பாருங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், மணமகன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வந்து நிற்கும். யூனிகோடில் சிக்கல் வேறு. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், எழுத்துகளை வரியாக அடுக்கும் கம்போசர் என்ற அமைப்பை வழக்கமானதிலேயே விட்டுவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். வேர்ல்ட்-ரெடி கம்போசருக்கு மாற்றினால் சரியாகும். கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளின் கோப்பாகவே கொடுப்பதானால் எழுத்துகளை கர்வ்ஸாக, அதாவது வெறும் கோட்டு வடிவங்களாக, மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு எழுத்துப்பிழையைத் தட்டச்சு செய்து திருத்த முடியாது. ஆகவே மெய்ப்பு பார்த்து முடித்த பிறகு மாற்றுங்கள், மாற்றாத பிரதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது கறுப்பு. இதைப் பலரும் கவனிப்பதே இல்லை. ஆஃப்செட் அச்சில் சயான் (வெளிர்நீலம்), மெஜந்தா (அடர் இளஞ்சிவப்பு), மஞ்சள், கறுப்பு என்று மைக்கு ஒன்றாக நான்கு பிளேட்டுகள், அதாவது அச்சுத் தகடுகள். திரைக்கான வண்ண முறையான ஆர்ஜிபியில் செய்த கறுப்பு எழுத்தை, இந்த நான்கு மைகளுக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றும்போது அது பெரும்பாலும் நான்கு மைகளின் கலவையாகிவிடும். பிளேட் ஒன்று இம்மியளவு விலகினாலும் சின்ன எழுத்துகளின் ஓரத்தில் வண்ண நிழல் அடிக்கும். படிக்கும் எழுத்துக்கு கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் போதும். பெரிய கறுப்புப் பின்னணிக்கு மட்டும் மற்ற மைகளைக் கொஞ்சம் சேர்க்கலாம். எவ்வளவு என்று அச்சகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. பிடிஎஃப்பை அக்ரோபேட் புரோவில் திறந்து, அவுட்புட் பிரிவியூவில் கறுப்பை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து மறையாமல் நின்றால் அது கலவைக் கறுப்பு. வெள்ளை எழுத்துக்கு ஓவர்பிரின்ட் (அடியிலுள்ள நிறத்தை நீக்காமல் அதன் மேலேயே அச்சிடும் அமைப்பு) போட்டிருந்தால் அது அச்சில் காணாமலே போய்விடும். அதுவும் இங்கேயே தெரிந்துவிடும்.

ஓரம் வரை நிறம் வருகிறதா? நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள், அதாவது நிறத்தை வெட்டும் கோட்டுக்கு வெளியே அந்த அளவு நீட்டுங்கள். இல்லாவிட்டால் கட்டிங்கில் வெள்ளைக் கோடு தெரியும். எழுத்துகள் வெட்டும் கோட்டிலிருந்து 5 மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும்.

படங்களுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) என்பது பலருக்கும் தெரியும். ஆனால் வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தில் 300 என்று எண்ணை மட்டும் மாற்றிப் பயனில்லை. 1600 பிக்சல் நீளமுள்ள படம் அந்தக் கணக்கில் ஐந்தே கால் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். படம் எடுத்தவரிடம் ‘டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்குங்கள்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகமா? பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். மூன்றாக மடிக்கும் ஏ4 துண்டறிக்கையில் மூன்று பகுதிகளையும் சமமாகப் பிரிக்காதீர்கள். உள்ளே மடியும் பகுதி 97 மில்லிமீட்டர், மற்ற இரண்டும் 100 என்று வைத்தால் மடிப்பு பிதுங்காது.

அப்புறம், பிடிஎஃப்பை கைபேசியில் மட்டும் பார்த்து ஒப்புதல் தர வேண்டாம். சாதாரண லேசர் பிரின்டரிலாவது நூறு சதவீத அளவில் ஒரு பிரதி எடுங்கள். கரும் பின்னணியில் பொடி அளவில் வைத்த மெல்லிய வெள்ளை எழுத்து வாசிக்க வருகிறதா என்று அதில் பாருங்கள். மை பரவினால் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளியும் சுழிகளும்தான். அங்கே எழுத்தைத் தடிமனாக்குங்கள், அல்லது ஒரு அளவு பெரிதாக்குங்கள்.