சாம்பல் சாம்பலாகவே அச்சாக வேண்டும்

செட்டிநாட்டு வீடுகளைப் படம் எடுக்கிறவர்களுக்குக் கறுப்பு வெள்ளை மீது தனிப் பிரியம் உண்டு. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர் ஒரு பக்கம், பட்டாலை என்ற கூடத்தில் நிற்கும் பர்மா தேக்குத் தூண் மறுபக்கம், நடுவே வளவு என்ற உள்முற்றத்தில் இறங்கும் வெயில் என்று எல்லாச் சாம்பலும் ஒரே சட்டத்துக்குள் கிடைத்துவிடும். திரையில் பார்க்க அருமையாக இருக்கும். இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டால் சுவர் இளம்பச்சையாகவும் தூண் மெஜந்தா படர்ந்தும் வந்து நிற்கும். காரைக்குடியில் படங்களை அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொடுக்கிற என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு இதே குறைதான். பிரிண்டரைத்தான் எல்லோரும் திட்டுகிறார்கள். நான் முதலில் கேட்பது எந்தப் புரொஃபைல் போட்டீர்கள், வண்ணத்தை யார் பொறுப்பில் விட்டீர்கள் என்ற இரண்டு கேள்விகளைத்தான்.

ஐசிசி புரொஃபைல் என்பது ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு தாள், டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருளில்) ஒரு மீடியா டைப், அதாவது தாள் வகைத் தேர்வு, ஆகிய நான்கும் சேர்ந்தால் என்ன நிறம் விழும் என்பதை அளந்து எழுதிய கோப்பு. நான்கில் ஒன்று மாறினாலும் அது பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஹானமூலே, கேன்சன் போன்ற தாள் நிறுவனங்கள் பல பிரிண்டர் மாடல்களுக்குப் புரொஃபைலை இலவசமாகத் தருகின்றன. அதோடு வரும் குறிப்பில் எந்த மீடியா டைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் இருக்கும். அதைப் படிக்காமல் கோப்பை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். விண்டோஸில் கோப்பின் மீது வலது கிளிக் செய்து 'இன்ஸ்டால் புரொஃபைல்' கொடுத்துவிட்டு, போட்டோஷாப்பை மூடித் திறந்தால் போதும். விலை குறைவு என்று வேறு நிறுவனத்தின் மையை ஊற்றியிருந்தால் இந்தப் புரொஃபைல் உங்களுக்கு உதவாது. அந்த மைக்கென்று ஒன்றை அளந்து செய்துகொள்ள வேண்டும்.

வண்ணப் படத்தில் லேசான பச்சை ஏறினால் கண் மன்னித்துவிடும். சாம்பலில் மன்னிக்காது. எப்சன் எல்1800 போன்ற ஆறு வண்ண பிரிண்டர்களில் கறுப்பு மை ஒன்றுதான். வெளிர் சாம்பலை சயான், மெஜந்தா, மஞ்சள் மைகளின் நுண்துளிகளைக் கலந்துதான் அவை உருவாக்குகின்றன. அந்தக் கலவையைச் சமனில் நிறுத்துகிற வேலை புரொஃபைலுடையது. ஆகவே கறுப்பு வெள்ளைக்குப் புரொஃபைல் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: வண்ணத்தைவிட இங்கேதான் அது அதிகம் தேவை.

கோப்பில் இருந்து தொடங்குங்கள். படத்தை 16 பிட்டில், அடோபி ஆர்ஜிபியில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேஸ்கேலாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் போட்டோஷாப்பின் கலர் செட்டிங்ஸில் கிரே என்ற இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 'டாட் கெய்ன் 20%' என்று இருக்கும். மை தாளில் பரவுவதைக் கணக்கில் எடுக்கும் அது அச்சகத்துக்கானது. 'கிரே காமா 2.2' என்று மாற்றுங்கள்.

அச்சுப் பெட்டியில் 'போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்' என்பதையும் உங்கள் தாளின் புரொஃபைலையும் தேர்ந்தெடுங்கள். பிறகு பிரிண்ட் செட்டிங்ஸுக்குள் போய், டிரைவரின் வண்ணத் திருத்தத்தைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். எப்சனில் அது 'நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்' அல்லது 'ஆஃப்' என்று இருக்கும். இதை அணைக்காவிட்டால் ஒரே திருத்தம் இரண்டு முறை நடக்கும். மெஜந்தா படர்ந்த தூண் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது.

தாளில் அச்சிட முடியாத நிறங்களை எப்படிப் பொருத்துவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டுக்கு 'ரிலேட்டிவ் கலரிமெட்ரிக்' எடுத்து, 'பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன்' பெட்டியில் டிக் போடுங்கள். மேட் தாளில் எட்டக்கூடிய அதிகபட்சக் கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 அல்லது 1.7, நல்ல பரைட்டா தாளில் (பழைய புகைப்படத் தாள் போன்ற பளபளப்புள்ளது) 2.2க்கு மேல் போகும். கோப்பில் இருக்கும் கறுப்பு இரண்டையும்விட ஆழமானது. டிக் இல்லாவிட்டால் தாளின் எல்லைக்குக் கீழே இருக்கிற எல்லா நிழலும் ஒரே கறுப்பாகக் கட்டிவிடும். தேக்குத் தூணின் ரேகையும், தூணுக்குப் பின்னால் இருட்டில் இருக்கும் இரண்டாங்கட்டுக் கதவும் தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்றால் அந்த டிக் வேண்டும். 'அப்சலூட்' பக்கம் போகவே வேண்டாம்; வெள்ளைச் சுவர் மீது சாயம் பூசிவிடும்.

இதுவரை சொன்னது புரொஃபைல் வழி. இரண்டாவது வழி எப்சனின் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்டு ஒயிட்'. சாம்பல் மைகள் தனியாக உள்ள பிரிண்டர்களில் 2005 முதல் இது வருகிறது. எப்சன் பி900 இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். கறுப்பும் சாம்பல்களும் பெரும்பங்கு வேலையைச் செய்ய, வண்ண மைகள் சாயலைச் சரிசெய்யும் அளவுக்கே இறங்கும். இங்கே பொறுப்பு தலைகீழ்: 'பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்' என்று கொடுத்துவிட வேண்டும், தாளின் வண்ணப் புரொஃபைலுக்கு இதில் வேலை இல்லை. அச்சின் நிறத்தை அளக்கும் கருவி கையில் இருக்கிறவர்கள், ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்டோன் ரிப் மென்பொருளோடு வரும் கருவியால் இந்த முறைக்கே ஒரு கிரே புரொஃபைல் செய்துகொள்ளலாம். திரையில் ஒத்துப்பார்க்க அது மிகவும் உதவும்.

எந்த வழி என்பதை வெளிச்சமும் முடிவு செய்கிறது. தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி, ரங்கூன் ஸ்டூடியோவில் எடுத்த தம் ஐயாவின் படத்தை வேறிடத்தில் நகல் எடுத்து, அச்சிட்டுக் கொண்டுவந்தார். "தம்பி, வாங்கும்போது நன்றாகத்தான் இருந்தது. முகப்பில் மாட்டினால் ஐயா முகம் பச்சை பாய்ந்து கிடக்கிறது" என்றார். படத்தை வாசல் வெயிலில் பிடித்தேன்: அசல் சாம்பல். உள்ளே கொண்டுவந்து எல்இடி பல்புக்குக் கீழே பிடித்தேன்: கன்னத்திலும் அங்கவஸ்திர மடிப்பிலும் பச்சை. அவர் அணிந்திருந்த கோட்டின் நிழலான பகுதியில் மாற்றமே இல்லை. வண்ண மைகளைக் கலந்து செய்த சாம்பலின் குணம் இது. ஒரு வெளிச்சத்தில் சமனாக இருக்கும், இன்னொன்றில் சாய்ந்துவிடும். கலவை மிகுந்த வெளிர் பகுதிகளில்தான் அதிகம் காட்டும். சாம்பல் மை உள்ள பிரிண்டரில் அதே படத்தை அச்சிட்டபோது வாசலுக்கும் பல்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு இல்லை. முகப்பில் தொங்கப்போகும் படத்தை முகப்பின் வெளிச்சத்தில் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பெரிய தாளைப் போடுவதற்கு முன் சோதனைப் பட்டை ஒன்று அவசியம். வெள்ளையிலிருந்து கறுப்புவரை ஐந்தைந்து சதவீதமாக 21 கட்டங்கள், பக்கத்தில் உங்கள் படத்திலிருந்து சுவரும் தூணும் சேர்ந்த ஒரு துண்டு. 5% கட்டம் தாளின் வெள்ளையிலிருந்து பிரிந்து தெரிகிறதா, 90, 95, 100 மூன்றும் தனித்தனியாக நிற்கின்றனவா என்று பாருங்கள். 5% மறைந்தால் சுண்ணாம்புச் சுவரின் மெருகு மொத்தமும் போய்விடும்; பிறகு வெறும் தாள்தான் மிஞ்சும். டை மையானால் (நீரில் கரைந்த சாய மை) இரவு முழுக்கக் காயவிட்டுப் பாருங்கள், ஈரத்தில் தெரிவது இறுதிச் சாம்பல் இல்லை. சித்திரை வெயிலில் நாசில் (மை தெறிக்கும் நுண்துளை) அடைத்துக்கொள்ளும். பட்டையில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் முதலில் நாசில் செக், அப்புறம் புரொஃபைலைச் சந்தேகிக்கலாம்.

திரை மிகப் பிரகாசமாக இருந்தால் எல்லா அச்சும் இருட்டாகத்தான் தோன்றும். 100 கேண்டெலா அளவுக்குக் குறைத்துவிட்டு, 'புரூஃப் செட்டப்'பில் அதே புரொஃபைலோடு 'சிமுலேட் பேப்பர் கலர்' போட்டுப் பாருங்கள். படம் வெளிறித் தெரியும். தாள் தரப்போவது அதுதான். வெளிச்சத்தையும் நிழலையும் கூட்டிக் குறைக்கும் வளைவுத் திருத்தத்தை ('கர்வ்ஸ்') அங்கேயே செய்துகொள்ளுங்கள்.

சோதனைப் பட்டையின் பின்புறம் தாள், மை, மீடியா டைப், புரொஃபைல், இன்டென்ட், தேதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஓர் உறையில் போட்டுவையுங்கள். அதே படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டு உறவுக்காரர் யாராவது வரும்போது, அந்த உறையை எடுத்தால் வேலை உடனே தொடங்கிவிடும்.